அடுத்த வாரம் ஆடுவாரா?

விடுமுறைக்கு வந்திருந்த மகன், ஸ்டீலர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டான். "அப்பா, அப்ப என்னை மட்டும் ஏன் டீம்ல சேர விடல?" பத்து வருஷத்துக்கு முந்தைய கதை. மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன். "தலைக்கு ஆபத்துடா, உனக்கே தெரியுமே" என்றேன். "தெரியும்ப்பா. ஆனா நீங்க வாராவாரம் உக்காந்து பாக்கறீங்க. அவங்களுக்கும் தலைதானே?" என்றான். சண்டைக்கு இழுக்கும் குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது, இரண்டு பேரும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டோம். அவன் கல்லூரிக்குத் திரும்பிப்போய் மூன்று வாரம் ஆகிறது. கேள்வி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

நான் இருப்பது பிட்ஸ்பர்க் பக்கம். இந்த ஊரில் குடியேறியவர்கள் முதலில் போய்ப் பார்ப்பது பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில். அடுத்து, கேட்காமலே ஒட்டிக்கொள்வது ஸ்டீலர்ஸ். எனக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கால்பந்து என்று பெயர் இருந்தாலும் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், எதிரணி முழு வேகத்தில் வந்து மோதி வீழ்த்தும். ஆட்டமே அந்த மோதல்தான். வந்த புதிதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் தன் வீட்டு சோபாவில் உட்கார வைத்து, ரசிகர்கள் சுழற்றும் மஞ்சள் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, எங்கே கத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். என் மகன் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். அதன் பொருள் அவருக்குத் தெரியும், பிடிக்கவும் செய்தது. அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது.

பார்க்க வராதவர்

2015 கிறிஸ்துமஸ் அன்று 'கன்கஷன்' வெளியானது. வில் ஸ்மித் நடித்த படம். இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வீரர்களின் மூளைக் காயத்தை வெளியே கொண்டுவந்த பென்னட் ஒமாலு என்ற டாக்டரின் கதை. கதை நடப்பது எங்கள் ஊரில், படம் பிடித்ததும் இங்கே. ஹோம்ஸ்டெட் தியேட்டரில் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் முன்பு பெரிய இரும்பாலை ஒன்று இருந்தது. 1986இல் மூடிவிட்டு, பிறகு கடைவீதியாக்கிவிட்டார்கள். பழைய புகைபோக்கிகளில் பன்னிரண்டு மட்டும் இன்னும் வரிசையாக நிற்கின்றன. பெரியவர் வேலை பார்த்தது அந்த ஆலையில். கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றார். "எனக்கு மைக் வெப்ஸ்டரைத் தெரியும். அவன் முகத்தோடு வேறொருத்தன் சாவதைப் பார்க்க வேண்டாம்." வெப்ஸ்டர் ஸ்டீலர்ஸின் பழைய வீரர், படத்தில் அவராக ஒரு நடிகர் வருவார். தெரியும் என்றால் பெரியவர் நேரில் பழகியவர் இல்லை. 1974இலிருந்து ஞாயிறுதோறும் பார்த்தவர். அந்த வருஷத்திலிருந்து ஆறு சீசனுக்குள் லீக்கின் சாம்பியன் பட்டமான சூப்பர் பவுலை ஸ்டீலர்ஸ் நான்கு முறை வென்றது, நான்கிலும் வெப்ஸ்டர் ஆடினார். அதே காலத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைக்கத் தொடங்கியிருந்தன. வேலை போன ஊருக்குத் தலை நிமிர அந்த அணி ஒன்றுதான் இருந்தது என்பார் பெரியவர்.

வெப்ஸ்டர் ஆடிய இடத்துக்குப் பெயர் சென்டர். குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளிவிட்டு, அடுத்த கணமே எதிரில் நிற்கும் மலை போன்ற ஆளின் மேல் பாய வேண்டும். தலைதான் முதலில் போய் இடிக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அறுபது எழுபது தடவை. பயிற்சி நாட்களில் இடிப்பதற்குக் கணக்கில்லை. இப்படிப் பதினேழு சீசன் ஆடினார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் போகும் வழி மறந்தது. பிக்கப் டிரக்கில் படுத்துத் தூங்கினார். தூக்கம் வராத இரவுகளில் மின் அதிர்ச்சித் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டு மயங்கினார். விழுந்த பற்களைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டார். 2002 செப்டம்பரில் மாரடைப்பில் போனபோது வயது 50.

பிரேதப் பரிசோதனை மேசையில் அவரைப் பார்த்தவர் ஒமாலு. பியாஃப்ரா போருக்கு நடுவே நைஜீரியாவில் பிறந்து, இங்கே அலெகெனி கவுண்டி பிணவறையில் வேலைக்குச் சேர்ந்தவர். கால்பந்து அவருக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வெப்ஸ்டரை அன்று அவரால் மட்டும்தான் வெறும் மனிதனாகப் பார்க்க முடிந்தது. மண்டையைத் திறந்தால் மூளை சாதாரணமாக இருந்தது. சுருக்கமில்லை, அடிபட்ட தடயமில்லை. மூடி அனுப்பியிருக்கலாம். அவர் அதை எடுத்து வைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றும் செலவைத் தன் பையிலிருந்து கொடுத்தார். நுண்ணோக்கியில் பழுப்பு நிறச் சிக்கல்கள் தெரிந்தன. டாவ் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு, மூளைச் செல்களை உள்ளிருந்தே நெரித்துக்கொண்டிருந்தது. ஹெல்மெட் மண்டை ஓட்டைத்தான் காப்பாற்றும். ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை, தலை சட்டென்று நிற்கும்போது தானும் ஆடி இழுபடும். மயக்கம் போட்டு விழும் பெரிய அடிகள் மட்டுமில்லை, வீரரே பொருட்படுத்தாத சின்னச் சின்ன இடிகளும் வருஷக்கணக்கில் சேருகின்றன. ஆள் உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்றுவரை கிடையாது.

ஒமாலு கண்டது 2005இல் நரம்பு அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் வெளியானது. அடுத்த வருஷமே லீக்கின் மூளைக் காயக் குழுவைச் சேர்ந்த மூன்று டாக்டர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி அதே இதழுக்கு எழுதினார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் குழுவின் தலைவர், படித்ததோ மூட்டு நோய் மருத்துவம். இதழ் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை. குத்துச்சண்டை வீரர்களுக்கு இப்படி ஆகிறது என்று 1928லேயே நியூ ஜெர்சி டாக்டர் ஒருவர் எழுதிவிட்டார். அதனால் நோயையே ஒமாலு கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. ஆனால் இந்த ஆட்டக்காரன் தலைக்குள் அதைத் தேட வேண்டும் என்று அவருக்குத்தான் தோன்றியது.

இதைவிட என்னை உலுக்கியது ஒன்று உண்டு. லீக்கின் ஓய்வூதிய வாரியம், அணி உரிமையாளர்கள் தரப்பும் வீரர்கள் தரப்பும் சரிபாதி உட்காரும் வாரியம், 1999லேயே வெப்ஸ்டரின் நிலைக்கு ஆட்டத்தில் பட்ட தலைக்காயங்கள்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. ஒமாலு கத்தியைக் கையில் எடுப்பதற்கு மூன்று வருஷம் முன்பு. ஒரு மேசையில் எழுதிக் கொடுத்ததை இன்னொரு மேசையில் உட்கார்ந்து இல்லை என்றார்கள். இதை நான் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "அவன் வீடில்லாமல் திரிந்தது பேப்பரில் வந்ததுதான். நாங்கள் எல்லாரும் படித்தோம். பாவம், காசைத் தொலைத்துவிட்டான் என்று பேசிக்கொண்டோம்."

டூர்சன்

படத்தில் டேவ் டூர்சன் என்று ஒரு பாத்திரம் வரும். முன்னாள் வீரர், கோட்டு சூட்டு போட்டவர், வீரர்கள் சங்கத்தின் ஆள். உடம்பும் மனசும் உடைந்துபோன பழைய வீரர் ஆண்ட்ரே வாட்டர்ஸ் உதவி கேட்டு வரும்போது விரட்டிவிடுவார். ஒமாலுவிடமும் கடுமையாக நடந்துகொள்வார். தியேட்டரில் எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. லீக்கின் வக்கீல்களையும் அதிகாரிகளையும்விட இவர்தான் எரிச்சலூட்டினார். கூடவே ஆடியவன், அவனுக்குமா புரியவில்லை என்று. படம் முடிவதற்குள் அவரும் செத்துப்போகிறார். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை, அதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். வாட்டர்ஸை விரட்டியது போன்ற காட்சிகள் நடக்கவே இல்லை என்று அவர் குடும்பத்தினர் வெளிப்படையாக மறுத்திருந்தார்கள். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. உண்மைப் பெயரையே வைத்து ஒரு இறந்த மனிதனை இப்படிக் காட்டியது தப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் உண்மையான டூர்சன் படத்தில் வருபவரைவிடப் பல மடங்கு சிக்கலானவர். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். சிகாகோ பேர்ஸ் அணியோடு ஒரு சூப்பர் பவுல், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியோடு இன்னொன்று. 2006இல் அதே ஓய்வூதிய வாரியத்தில் வீரர்கள் தரப்பு உறுப்பினரானார். உடைந்துபோன பழைய வீரர்களின் விண்ணப்பங்கள் அவர் மேசைக்கும் வந்தன. 2007இல் செனட் விசாரணையில் பேசும்போது, தன் அப்பாவுக்கும் அல்சைமர் இருக்கிறது, அவர் எந்த விளையாட்டையும் தொழிலாக ஆடியவரே இல்லை என்று சுட்டிக்காட்டினார். எதைச் சொல்ல வந்தார் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கும்.

அதே மனிதர் 2011 பிப்ரவரியில், 50 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தலையில் சுட்டுக்கொள்ளவில்லை, நெஞ்சில். மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடும்படி குடும்பத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மே மாதம் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முடிவைச் சொன்னார்கள். வெப்ஸ்டருக்கு இருந்த அதே நோய்.

இந்த இடத்தில் எனக்குள் ஏதோ இடம் மாறியது. அதுவரை படம் எனக்கு வசதியாக இருந்தது. உண்மையை மறைத்தவர்கள் ஒரு பக்கம், கண்டுபிடித்த டாக்டர் இன்னொரு பக்கம், நான் டாக்டர் பக்கம். டூர்சன் எந்தப் பக்கம்? மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படிக்கப் படிக்க, அதில் எழுதியிருந்த மறதியும் தலைவலியும் கோபமும் தன்னிடமும் இருப்பது அவருக்கு எப்போது தெரிந்தது? தெரிந்த பிறகும் எத்தனை நாள் அந்த மேசைக்குப் போய்வந்தார்? அவருக்கு இந்த ஆட்டத்தின் மேல் இருந்தது பொய்யான பிரியம் இல்லை. அவருடைய படிப்பு, பெயர், வாழ்வு எல்லாம் அது கொடுத்தது. தன்னை ஆளாக்கிய ஒன்று தன்னை அழிக்கிறது என்று ஒப்புக்கொள்ள அவர் எப்படித் தவித்திருப்பார் என்று அந்த இரவில் நினைத்துப் பார்த்தேன். அவர் மேல் வந்த கோபத்துக்காக வெட்கப்பட்டேன். மனைவி எழுந்து வந்து, "என்னங்க, இன்னும் தூங்கலையா?" என்று கேட்டாள். சொன்னேன். அவளும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

ஜனவரி 9

2016 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு. சின்சினாட்டியில் பெங்கால்ஸ் அணியோடு நாக் அவுட் ஆட்டம். நல்ல மழை. பெரியவர் வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அவர், நான், என் ஒன்பது வயது மகன். 15-0 என்று முன்னணியில் இருந்த ஸ்டீலர்ஸ், கடைசியில் 15-16 என்று பின்தங்கிவிட்டது. அதற்கு முன்னால், நாம் முன்னணியில் இருந்தபோது, நம் ரயன் ஷஸியர், பந்தோடு வந்த ஜியோவானி பெர்னார்டைத் தலையோடு தலை மோதி வீழ்த்தியிருந்தார். பெர்னார்ட் அசைவில்லாமல் கிடந்தார். பந்து நழுவி நம் கைக்கு வந்தது. நான் கைதட்டினேன். பந்து கிடைத்ததற்குத் தட்டினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆட்டம் முடிய அரை நிமிஷம்கூட இல்லை. அன்டோனியோ பிரவுனைப் பார்த்து வீசிய பந்து கைக்கு எட்டாமல் மேலே போய்விட்டது. பந்தே இல்லாத பிரவுனின் தலையில் பெங்கால்ஸ் வீரர் வான்டேஸ் பர்ஃபிக்ட் தோளால் இடித்தார். பிரவுன் துணிமூட்டை மாதிரி விழுந்தார். மெதுவாக ஓட்டிக் காட்டியபோது, தரையைத் தொடுவதற்கு முன்பே அவர் உடம்பு துவண்டுபோயிருந்தது தெரிந்தது. நடுவர் மஞ்சள் கொடியை வீசினார். தண்டனையாகப் பந்து பதினைந்து கெஜம் நமக்குச் சாதகமாக முன்னால் நகர்ந்தது. தொடர்ந்து கலாட்டா, இன்னொரு பதினைந்து கெஜம். இனி கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் போதும், ஆட்டம் நமக்கு.

நான் சோபாவிலிருந்து எழுந்து குதித்தேன். பெரியவரைக் கட்டிக்கொண்டேன். மகனைத் தூக்கிச் சுற்றினேன். மஞ்சள் துண்டு கூரையில் பட்டுக் கீழே விழுந்தது. திரையில் பிரவுனைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் முன்பு வெப்ஸ்டருக்காகக் கண் கலங்கியவன், டூர்சனை நினைத்துத் தூங்காதவன் நான். டாவ் என்றால் என்ன, அது எங்கே சேரும் என்று அந்தத் தெருவில் அதிகம் தெரிந்த ஆள் அன்றைக்கு நானாகத்தான் இருப்பேன். அந்த அடிதான் எனக்கு வெற்றியைக் கொடுத்தது. 18-16.

அந்த ஷஸியரும் அதே சின்சினாட்டி மைதானத்தில், அடுத்த வருஷம் டிசம்பரில், தலையைக் குனிந்து ஒருவரை வீழ்த்தப் போய் முதுகெலும்பில் அடிபட்டு விழுந்தார். நடக்கத் திரும்பக் கற்றுக்கொண்டார். ஆட வரவே இல்லை.

ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தாள்

2016 கோடையில் மகன் ஒரு தாளைக் கொண்டுவந்தான். சிறுவர் அணியில் சேர அப்பா அம்மா சம்மதம். கூடப் படிக்கும் நான்கு பையன்கள் சேர்ந்துவிட்டார்கள். தாள் ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்துக்கு அடியில் ஒன்பது நாள் இருந்தது. படம் வருவதற்குச் சில வாரம் முன்பு ஒமாலு செய்தித்தாளில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சிகரெட்டுக்கும் மதுவுக்கும் வயது வைத்திருக்கிறோம், இதற்கும் வளர்ந்த பிறகு அவனவன் முடிவு செய்யட்டும், சிறுவர்களை விடாதீர்கள் என்பது அதன் சாரம். ஒமாலு அளவுக்கு மீறிச் சொல்கிறார் என்று பின்னாளில் துறைக்குள்ளேயே சிலர் குறை சொன்னதையும் படித்திருக்கிறேன். 2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் சோதித்த 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110இல் நோய் இருந்தது என்று செய்தி வந்தபோதும், சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் மூளையைக் கொடுத்திருக்கும், அதனால் எல்லா வீரர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு அப்பாவுக்கு அந்த நுணுக்கம் எதற்கு? நான் கையெழுத்துப் போடவில்லை. பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்தான், நன்றாகவே ஓடினான்.

என் மனைவி அப்போது ஒன்று சொன்னாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பக்கம் சொல்வார்களே, நீங்கள் ஊரார் பிள்ளையை மோத விட்டுவிட்டுத் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள் என்றாள். கையெழுத்துப் போடச் சொல்லவில்லை, அவளுக்கும் விருப்பமில்லை. டிவியை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். அந்த சீசனில் ஆறு ஞாயிறு பெரியவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஏழாவது ஞாயிறு அவரே வந்து கதவைத் தட்டினார். தனியாகப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றார். போனேன். அன்றிலிருந்து இன்றுவரை பார்க்கிறேன். அவர் போன பிறகும்.

லீக் மாறியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 2016 மார்ச்சில் லீக்கின் உயர் அதிகாரி ஒருவர் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்னால் ஆட்டத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். பழைய வீரர்களுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு போயிருக்கிறது. தலையால் இடித்தால் தண்டனை, சந்தேகம் வந்தால் மைதானத்தைவிட்டு வெளியே. எல்லாம் உண்மை. ஆனால் ஆட்டம் இன்னும் மோதல்தான். மோதல் இல்லாவிட்டால் நான் பார்ப்பேனா என்று கேட்டுக்கொண்டால், பார்க்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

போன வாரம் மகனுக்கு போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். அவனை விடாததற்குக் காரணம் பயம், நான் பார்ப்பதற்குக் காரணம் ஆசை, இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியவில்லை என்றேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அப்புறம், "நீங்க என்னைத் தூக்கிச் சுத்தினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குப்பா. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. "பிரவுனுக்கு என்ன ஆச்சுன்னு அன்னைக்கு நாம யாராவது கேட்டோமா?"

கேட்டோம். அந்த வாரம் முழுக்க ஊரே கேட்டது. அலுவலகத்தில், பெட்ரோல் பங்கில், முடி வெட்டும் கடையில். நானும் பெரியவரிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் கேட்டேன். டென்வரில் அடுத்த ஆட்டம், பிரவுன் ஆடுவாரா என்று.

அதைத்தான் அவனிடம் சொன்னேன்.